பேரு என்னா... முழுப் பேரு என்னா?

திண்டிவனத்துக்கு அருகே ஓர் ஊர். ஊரிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி நம் மக்கள் குடியிருப்பு. அங்கே இளைஞர்கள் சேர்ந்து ஒரு மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறார்கள். வாரத்தில் ஒருநாள் நானும் போய் உட்காருவேன். சென்ற மாதம் ஒருநாள் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கைபேசியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"சார், இதப் பாருங்க. நான் யாருன்னு இதுவே சொல்லிடுச்சு" என்று கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் கைபேசியை நீட்டினார்.

'உங்கள் ஆளுமை எது?' என்றொரு கேள்வி விளையாட்டு. மொத்தம் பத்துக் கேள்விகள். புதியவர்களிடம் நீங்களாகவே போய்ப் பேசுவீர்களா? கூட்டத்தில் பேசப் பிடிக்குமா? வகுப்பில் சந்தேகம் வந்தால் எழுந்து கேட்பீர்களா? எல்லாவற்றுக்கும் அவர் 'இல்லை' என்று தட்டியிருந்தார். வந்த முடிவு இது: நீங்கள் ஒதுங்கி இருக்க விரும்புபவர், தலைமை ஏற்பது உங்கள் இயல்பு அல்ல.

"கரெக்டா சொல்லுது சார். நான் அப்படித்தான்" என்றார்.

அடுத்து இன்னொரு விளையாட்டு. குடும்பப் பெயரைப் போட்டால் அதன் வேர் எந்த நாடு, முன்னோர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுமாம். குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அவர் அப்பா பெயரைப் போட்டார். ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் வாளும் கேடயமும் வந்து நின்றன. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் கேட்டார்.

"சார், நமக்கெல்லாம் குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையவே கெடையாதா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் சொன்ன பதிலையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன். 'நான் யார்?' என்று பதினெட்டு வயதில் கேட்பது நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

எல்லோருக்கும் பொருந்தும் சட்டை

1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் 'இதுதான் உன் குணம்' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். 'என்னை அப்படியே எழுதிவிட்டார்' என்று வியந்தார்கள்.

பிறகுதான் உண்மையைச் சொன்னார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சேர்த்த வரிகள். 'உங்களிடம் வெளிப்படாத திறமை உண்டு', 'வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுவீர்கள்' என்ற மாதிரியான பேச்சு. இது யாருக்குத்தான் பொருந்தாது? நம் ஊர் சந்தையில் கிளி ஜோசியர் சொல்வதும் இதே ரகம்தான்.

பதினாறு வகை ஆளுமை என்று நான்கு ஆங்கில எழுத்துகளில் முடிவு சொல்லும் தேர்வு ஒன்றும் இன்று பிள்ளைகளிடம் பிரபலம். அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் என்ற இருவர், கார்ல் யுங் 1921-ல் எழுதிய நூலை வைத்து உருவாக்கிய தேர்வு அது. அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகை வருவதும் உண்டு. ஆளெடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

விளையாட்டாக ஆடுவதில் தவறில்லை. ஆனால் கொடுக்கும் விவரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 2018-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இப்படி ஒரு கேள்வி விளையாட்டில்தான் தொடங்கியது. அதை ஆடியவர்கள் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களின் நண்பர்கள் வழியாக 8 கோடியே 70 லட்சம் பேர் வரை ஃபேஸ்புக் விவரங்கள் தேர்தல் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயின. பிறந்த தேதி, அப்பா பெயர், ஊர், தெரு என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இயல்பா, பழக்கமா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த மாணவி 'இல்லை' என்று தட்டிய கேள்விகளுக்குத் திரும்பிப் போனோம்.

"புதுசா யாரப் பார்த்தாலும் பேச மாட்டியா?"

"மாட்டேன் சார்."

"நம்ம தெருவுல?"

"நம்ம தெருவுல என்னா சார், நாள் பூரா பேசிக்கிட்டுதான் இருப்பேன். எங்க அம்மா வாய மூடுன்னு திட்டும்."

"அப்புறம் எங்க பேச மாட்ட?"

சற்று யோசித்தார். "ஊருக்குள்ள போனா பேச மாட்டேன். காலேஜ்ல பேச மாட்டேன். பேசுனா, 'நீ எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்'னு கேப்பாங்க."

அங்கே இருந்த பிள்ளைகள் யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஊர்த் தெரு வழியாகப் போகும்போது சத்தமாகப் பேசாதே, நிமிர்ந்து பார்க்காதே, யாராவது ஏதாவது சொன்னாலும் பதில் சொல்லாமல் வந்துவிடு என்று நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். பயத்தில் சொல்கிறோம், பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமே என்று. பதினைந்து வருடம் அப்படி வளர்ந்த பெண் கல்லூரியில் எழுந்து கேள்வி கேட்காமல் இருந்தால், அது பழக்கிவிட்ட அடக்கம். அதைப் பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது.

கைபேசி விளையாட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நாம் பேசவில்லை என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. யார் நம்மைப் பேசவிடவில்லை என்று அது கேட்பதில்லை. 'தலைமை ஏற்பது உங்கள் இயல்பு அல்ல' என்று அது சொல்லும்போது, மேலே இருப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததையே புதுச் சட்டை போட்டுச் சொல்கிறது. நாமும் 'கரெக்ட்' என்று தலையாட்டிவிடுகிறோம்.

எது நம் இயல்பு, எது நம் தலையில் ஏற்றிய சுமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர் விஷயத்திலும் அப்படித்தான்.

குடும்பப் பெயர் ஏன் இல்லை?

குடும்பப் பெயர் என்பது உலகத்தில் பெரும்பாலும் மூன்று வழியில் வந்தது. தொழில், ஊர், தகப்பன் பெயர். ஸ்மித் என்றால் கொல்லர். மங்கேஷ்கர் என்றால் கோவாவில் உள்ள மங்கேஷி என்ற ஊர்க்காரர். தமிழ்நாட்டில் நமக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். இப்போது அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம்.

இது ஒரு குறை என்று நினைக்கத் தேவையில்லை. முன்பு இங்கேயும் பெயருக்குப் பின்னால் சாதி வால் இருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டத்தைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விட்டார்கள். வட மாநிலங்களுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். அங்கே முதல் நாளே 'சர்நேம் என்ன?' என்பார்கள். அந்தப் பதிலை வைத்தே மற்றதைக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பெயரிலிருந்து வால் போனாலும் கேள்வி போகவில்லை. இங்கே அது வேறு உருவம் எடுத்திருக்கிறது. 'எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? கோயிலுக்குக் கிழக்கா மேற்கா? உங்க குலதெய்வம் எது?' வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம்.

இழிபெயரும் காப்புப் பெயரும்

நமக்கு முன்னால் இருந்தவர்கள் தங்கள் பெயரைக்கூடத் தங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ள முடியவில்லை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பெயர் வைப்பதற்கே சட்டம் சொல்கிறது. பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமையைக் காட்டும் பெயர், வைசியனுக்குச் செல்வத்தைக் காட்டும் பெயர், சூத்திரனுக்கு இழிவான பெயர். வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் நிலை இதற்கும் கீழே.

வடமொழி நூல் நம் ஊர்ப் பண்ணையாருக்குத் தெரியாமல் இருக்கலாம். நடைமுறை அவருக்கு நன்றாகத் தெரியும். முனுசாமி என்று வீட்டில் வைத்த பெயர் களத்துமேட்டில் 'முனியா' ஆகும். கோவிந்தசாமி 'கோயிந்தா' ஆவார். அறுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுச் சிறுவன் 'டேய்' போட்டு அழைப்பான். 'சாமி' என்ற இரண்டெழுத்தைக்கூட நம் பெயரோடு சேர்த்துச் சொல்ல மனம் வராது. இதைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

ஆனால் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயரெல்லாம் ஆண்டைகள் வைத்தவை என்று ஒரே அடியாக முடிவு கட்டிவிடவும் கூடாது. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்துக் 'குப்பன்', 'குப்பம்மாள்' என்று வைப்பார்கள். சாமியிடம் பிச்சையாக வாங்கியது என்று 'பிச்சை' என்பார்கள். அழகான பெயர் வைத்தால் எமன் கண்ணில் படும் என்ற பயம். பல சாதியிலும் இந்த வழக்கம் இருந்தது. பெண்ணாகவே பிறக்கிறது என்று 'போதும்பொண்ணு' என வைத்ததும் உண்டு. ஆகவே பெயரின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

நாமே சூட்டிக்கொண்ட பெயர்கள்

பிறர் வைத்த பெயரை மாற்றி நாமே பெயர் சூட்டிக்கொள்வது நம் அரசியல் வரலாற்றில் பெரிய போராட்டம்.

1845-ல் பிறந்த காத்தவராயன் என்பவர் தனக்குத் தமிழும் மருத்துவமும் கற்றுத் தந்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர். 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. நம் மக்களைச் சாதியற்றவர்கள், பூர்வத் தமிழர் என்று சொல்ல வேண்டும் என்று வாதாடியவர் அவர்.

இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியை எடுத்தார். எந்தச் சொல்லைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதே சொல்லை, 'பறையன்' என்று, 1893-ல் தன் பத்திரிகைக்கே பெயராக வைத்தார். சொல்லைக் கண்டு நாம் ஏன் ஒளிய வேண்டும் என்பது அவர் நிலை. அதே சொல்லை வேண்டாம் என்று கருதியவர் எம்.சி.ராஜா. 1922-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. மூவரும் மூன்று வழி. ஆனால் நம் பெயரை நாமே தீர்மானிப்போம் என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம்.

பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால். அம்பேத்கர் என்ற பெயரின் வேர் மகாராஷ்டிரத்தில் கொங்கண் பகுதியில் உள்ள அம்படாவே என்ற சிற்றூர். அந்த ஊரை வைத்துப் பள்ளியில் 'அம்படாவேகர்' என்று எழுதப்பட்ட பெயர் பிறகு 'அம்பேத்கர்' ஆனது. குடும்பப் பெயர் விளையாட்டில் வாளும் கேடயமும் வருகிறதே, அதைவிடப் பெருமை அந்தச் சிற்றூரின் பெயருக்கு வந்துவிட்டது. ஊரால் அவருக்குப் பெருமை வரவில்லை. அவரால்தான் ஊருக்கு வந்தது.

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இதையே இன்னொரு விதமாகச் செய்தார். அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் 'லிட்டில்'. அது முன்னோரை அடிமையாக வைத்திருந்த வெள்ளையர் தந்த பெயர் என்று அதைத் தள்ளினார். ஆப்பிரிக்காவில் இருந்த உண்மையான குடும்பப் பெயர் தெரியாமலே போய்விட்டதே என்பதைக் காட்டத்தான் 'எக்ஸ்' என்று போட்டுக்கொண்டார்.

இந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. நம் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்தது. பலகை மாறினால் மட்டும் பார்வை மாறிவிடாது என்பது உண்மை. ஆனாலும் விடுதியின் பெயரை வெளியே சொல்லத் தயங்கிய பிள்ளைகளுக்குத் தெரியும், பலகை மாறுவதும் சிறிய விஷயம் இல்லை என்று.

தெருவே வரலாற்றுப் புத்தகம்

நம் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பெயர்களைத் தாத்தா தலைமுறை, அப்பா தலைமுறை, பிள்ளை தலைமுறை என்று எழுதிப் பாருங்கள்.

முதல் வரிசையில் மாரி, காத்தவராயன், பச்சையம்மாள் என்று ஊர்த் தெய்வங்கள் இருப்பார்கள். சவரிமுத்து, சூசை, இராயப்பன், சின்னப்பன் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் மாதா கோயிலுக்கும் தொடர்பு உண்டு. சவரி என்பது சவேரியார். சூசை என்பது யோசேப்பு. இராயப்பர் பேதுரு. சின்னப்பர் பவுல். மதம் மாறியதோடு பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பெயர்களுக்குள் இருக்கும்.

அடுத்த வரிசையில் அன்பழகன், தமிழ்ச்செல்வி, அறிவழகன் வருவார்கள். அது திராவிட இயக்கம் தெருவுக்குள் வந்த காலம். லெனின் இருந்தால் செங்கொடி வந்திருக்கிறது. கௌதமன், சித்தார்த்தன், அசோகன், பீமாராவ் இருந்தால் அந்த வீட்டில் யாரோ புத்தரையும் பாபாசாகேப்பையும் படித்திருக்கிறார்கள். கடைசி வரிசையில், வாயில் நுழையாத புதுப் பெயர்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பெயரை வைத்து யாரும் பிள்ளையை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று நினைக்கும் பெற்றோர் நிறைய.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் ஆயா, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உனக்கு இந்தப் பெயரை வைத்தது யார்? எதற்காக வைத்தார்கள்? வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வேலைக்குப் போன இடத்தில் எப்படிக் கூப்பிட்டார்கள்? பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் பெயரை மாற்றி எழுதினாரா? பிறந்த தேதி உண்மையானதா, ஜூன் மாதத்தில் சேர்ப்பதற்காக எழுதியதா? என் பெயரைத் தேர்ந்தெடுத்தது யார்?

அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள். சொல்ல விருப்பமில்லாததைத் தோண்டாதீர்கள். ஒரு தலைமுறை போனால் இந்தக் கதை எங்கேயும் கிடைக்காது.

பெயர் பிடிக்கவில்லை, மாற்ற வேண்டும் என்றால் அதற்கும் சட்டப்படி வழி உண்டு. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடலாம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் உரிமை. வெட்கத்தில் மாற்ற வேண்டாம், கதை தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதுதான் என் யோசனை.

அடுத்த வாரம் அந்த மாணவி நோட்டோடு வந்தார். அவருடைய ஆயாவின் பெயர் ரேஷன் கார்டில் 'மண்ணாங்கட்டி' என்று இருக்கிறதாம். அதைத் தோழிகள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கார்டை ஒளித்து வைப்பாராம். இப்போது கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஆயாவுக்கு முன்னால பொறந்த மூணு புள்ளைங்களும் செத்துப்போச்சாம் சார். இது ஒண்ணாவது தங்கட்டும்னு எங்க பாட்டனோட அம்மா அழுதுக்கிட்டே வச்ச பேராம். ஆனா நெலத்துக்காரங்க அந்தப் பேர திட்டுற மாரியே கூப்புடுவாங்களாம். 'எங்க ஆத்தா உசுரக் காப்பாத்த வச்ச பேரு, அவனுங்க வாயில அசிங்கமா ஆயிடுச்சு'ன்னு சொன்னிச்சு."

கையில் நோட்டு இருந்தது. ஆனால் அவர் அதைப் பார்க்கவே இல்லை. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு கால் மணி நேரம் பேசினார். மற்ற பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். முடித்து உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்த பையன் கேட்டான்: "யக்கா, ஒனக்குக் கூட்டத்துல பேச வராதுன்னு போன்ல வந்துச்சே?"

"அதுக்கு என்னாடா தெரியும்?" என்றார் அவர்.